குழாயில் வருவது உப்பா, எண்ணெயா? டெல்டாவின் நிலத்தடி எரிபொருள்: வாசகர் கேள்வி – பதில்

காவிரிப் படுகையில் எடுக்கப்படும் எண்ணெய், எரிவாயு, பழுப்பு நிலக்கரி பற்றி வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கட்சி அரசியல் கேள்விகளை ஒதுக்கிவிட்டோம். நிலத்தில் என்ன நடக்கிறது, வாசகர் தன் கையால் என்ன செய்ய முடியும் என்பவை மட்டும் இங்கே.

எங்கள் பக்கம் ரிக் (துளையிடும் இயந்திரம்) வந்து நின்றாலே "மீத்தேன் எடுக்கிறான்" என்கிறார்கள். மீத்தேன், ஹைட்ரோகார்பன், ஷேல், எண்ணெய்க் கிணறு எல்லாம் ஒன்றுதானா?
– விவசாயி, கோட்டூர்

ஒன்றல்ல. வெளியே வரும் வாயு பெரும்பாலும் மீத்தேன்தான். ஆனால் அது இருக்கும் பாறையும் எடுக்கும் முறையும் வேறு. அதனால் பாதிப்பும் வேறு.

நரிமணம், கோவில்களப்பால், குத்தாலம் பகுதிகளில் பல ஆண்டுகளாக நடப்பது வழக்கமான எண்ணெய், எரிவாயு உற்பத்தி. பெரும்பாலும் ஒன்றரை முதல் 4 கிலோமீட்டர் ஆழத்தில், மணற்பாறையின் நுண்துளைகளில் எண்ணெயும் வாயுவும் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கின்றன. துளை போட்டால் தன் அழுத்தத்திலேயே மேலே வரும். கூடவே அந்தப் பாறையில் இருக்கும் உப்பு நீரும் வரும். கிணற்றுக்கு வயதாக ஆக எண்ணெய் குறைந்து இந்த நீர் கூடும்.

நிலக்கரிப் படுகை மீத்தேன் அப்படி வராது. வாயு நிலக்கரியின் உட்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலிருக்கும் தண்ணீரின் அழுத்தம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அழுத்தத்தைக் குறைக்கத் தண்ணீரை இறைத்தே தீரவேண்டும். முதல் மாதங்களில் தண்ணீர் நிறைய, வாயு கொஞ்சம், பிறகு தலைகீழ். அமெரிக்காவின் பவுடர் ரிவர் படுகையில் இப்படிப்பட்ட ஒரு கிணறு தொடக்கத்தில் நாளுக்குச் சராசரியாக 60 ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் கொடுத்தது. அங்கே ஆயிரக்கணக்கான கிணறுகள். மன்னார்குடியில் 2010-ல் சுமார் 690 சதுர கிலோமீட்டருக்கு ஒப்பந்தமான திட்டம் இந்த வகை. 2013-ல் மாநில அரசு நிறுத்திவைத்து வல்லுநர் குழு அமைத்தது. 2015-ல் டெல்டாவில் இந்த வகைக்குத் தடை வந்தது. நிலத்தடி நீரை நம்பியிருக்கும் சமவெளியில் பெரும்பரப்பில் நீர் இறைக்கும் தொழிலுக்கு இடமில்லை என்பதே எங்கள் கருத்தும்.

ஷேல் வாயு மூன்றாவது வகை. ஷேல் எனும் இறுகிய களிப்பாறையில் வாயு நகர வழியே கிடையாது. கிணற்றைப் படுக்கைவாட்டில் திருப்பி, மணலும் வேதிப்பொருளும் கலந்த தண்ணீரை உயர் அழுத்தத்தில் செலுத்திப் பாறையை விரிசல் விட வைக்கிறார்கள். ஒரு கிணற்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் போகும்.

குழப்பத்துக்கு மக்கள் மட்டும் காரணமல்ல. 2016-ல் வந்த மத்திய அரசின் உரிமக் கொள்கை, ஒரே உரிமத்தில் எல்லா வகை ஹைட்ரோகார்பனையும் (எண்ணெய், வாயு எல்லாவற்றுக்குமான பொதுப்பெயர்) தேட அனுமதிக்கிறது. "இன்று எண்ணெய் என்று சொல்லிவிட்டு நாளை ஷேல் எடுத்தால்?" என்ற சந்தேகம் காற்றில் பிறந்ததல்ல. அதனால் ரிக் வந்தால் கேட்க வேண்டியவை மூன்று: இலக்கு எந்தப் பாறை அடுக்கு, எத்தனை மீட்டர் ஆழம், மேலே வரும் தண்ணீர் எங்கே போகும்? மூன்றாவதற்கு நேரான பதில் வராத இடத்தில்தான் பெரும்பாலும் பிரச்சினை பிறக்கிறது.

எண்ணெய்க் கிணற்றிலிருந்து அரை கிலோமீட்டரில் எங்கள் போர்வெல். நாலைந்து வருடமாக உப்பு ஏறுகிறது. அதுதான் காரணம் என்று எப்படி நிரூபிப்பது?
– வாசகி, திருமருகல்

உங்கள் பகுதியில் உப்பு வர மூன்று வழிகள் உண்டு. கடல்நீர் உள்ளே வருவது ஒன்று. ஒரு காலத்தில் கடல் நின்ற இடமாகையால் களிமண் அடுக்குகளில் தங்கிய பழைய உப்பு, அதிகம் இறைக்கும்போது மேலே வருவது இன்னொன்று. மூன்றாவது எண்ணெய்க் கிணற்று நீர். அது கிணற்றுச் சுவரின் வழியாகவும் வரலாம், மேலே கழிவு நீர் தேக்கும் குழியிலிருந்தும் இறங்கலாம். டிடிஎஸ் (நீரில் கரைந்த மொத்த உப்புகள்) மீட்டரை மட்டும் வைத்து மூன்றையும் பிரிக்க முடியாது. "டிடிஎஸ் 3000, ஆகவே எண்ணெய் நிறுவனம்" என்று மனு கொடுத்தால், "கடலோரம், இயற்கை உப்பு" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள்.

பிரித்துக் காட்டுவது குளோரைடுக்கும் புரோமைடுக்கும் உள்ள விகிதம். கடல்நீரில் லிட்டருக்குக் குளோரைடு சுமார் 19,000 மில்லிகிராம், புரோமைடு 65 அளவில். விகிதம் 290 ஒட்டி இருக்கும். சமையல் உப்பு கலந்த சாக்கடை நீரில் இது அதைவிட ஏறும். ஆழத்து எண்ணெய் வயல் நீர் பல இடங்களில் 290-க்குக் கீழே இறங்கும். கூடவே பேரியம், ஸ்ட்ரான்ஷியம் தூக்கலாக இருக்கும். கடல்நீரில் சல்பேட் அதிகம் என்பதால் பேரியம் அதில் கரைந்து நிற்காது. எனவே குளோரைடு, புரோமைடு, சல்பேட், பேரியம், ஸ்ட்ரான்ஷியம், சோடியம் ஆறையும் ஒன்றாகக் கேளுங்கள். கிணற்று நிறுவனத்தின் கழிவு நீர்ப் பகுப்பாய்வு அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒப்பிட எதிராளியின் நீர் கையில் இல்லாவிட்டால் உங்கள் எண்ணுக்குப் பொருளில்லை.

மாதிரி எடுப்பதில்தான் பாதி வழக்குகள் கவிழ்கின்றன. மோட்டார் போட்டவுடன் வருவது குழாயில் தேங்கிய நீர். அதைப் பிடிக்கக் கூடாது. குழாயில் நிற்கும் நீரைப்போல மூன்று மடங்கு வெளியேற்றிய பிறகே பிடிக்க வேண்டும். 6 அங்குலக் குழாயில் 30 மீட்டர் நீர் நின்றால் அது சுமார் 530 லிட்டர்; மூன்று மடங்கு 1,600 லிட்டர். மணிக்கு 3,000 லிட்டர் தள்ளும் மோட்டாரென்றால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். உப்புகளுக்கு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் புட்டி போதும். அந்த நீராலேயே மூன்று முறை கழுவிவிட்டுப் பிடியுங்கள். பேரியம் போன்ற உலோகங்களுக்கு ஆய்வகம் நைட்ரிக் அமிலம் விட்ட தனிப் புட்டி தரும். அதைக் கழுவக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்குச் சோதனைக்கு வாயகன்ற கண்ணாடிப் புட்டி வேண்டும். அதையும் கழுவாதீர்கள், நிரப்பி வழியவும் விடாதீர்கள். எண்ணெய் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அளவைக் கெடுக்கும். ஐஸ் பெட்டியில் வைத்து மறுநாளைக்குள் ஆய்வகம் சேருங்கள். பிடிக்கும்போது ஊராட்சியைச் சேர்ந்த ஒருவரின் கையெழுத்து, தேதி, நேரம், போர்வெல் ஆழம், படம் இவை இருக்கட்டும்.

இன்னொன்று: மாதத்தை மாற்றி ஒப்பிடாதீர்கள். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் மேலடுக்கு உப்பு தானாக இறங்கும்; மே மாதம் ஏறும். மே மாதத்தை மே மாதத்தோடும் ஜனவரியை ஜனவரியோடும்தான் வைத்துப் பார்க்க வேண்டும்.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500: டிடிஎஸ் 500, வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை, குளோரைடு 250, அதிகபட்சம் 1,000, பேரியம் 0.7, கனிம எண்ணெய் 0.5 (எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம்). தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் அடிப்படைச் சோதனை நடக்கும். புரோமைடுக்கும் ஸ்ட்ரான்ஷியத்துக்கும் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்தையோ பல்கலைக்கழகத்தையோ நாட வேண்டிவரும்.

கிணற்றுச் சுவர் வழியாக உப்பு வரலாம் என்கிறீர்கள். இரண்டு கிலோமீட்டர் ஆழத்து நீர் எப்படி 50 மீட்டருக்கு ஏறும்?
– ஆசிரியர், சிதம்பரம்

பாறையைத் துளைத்துக்கொண்டு ஏறாது. துளையின் ஓரமாக ஏறும். எண்ணெய்க் கிணறு என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இறங்கும் இரும்புக் குழாய்கள். நல்ல நீர் அடுக்கைத் தாண்டும்வரை அகலக் குழாய், பிறகு குறுகலானது, பிறகு இன்னும் குறுகலானது. ஒவ்வொரு குழாய்க்கும் பாறைக்கும் நடுவில் சிமெண்ட் கலவையை அழுத்தி ஏற்றுகிறார்கள். குழாய் நடுவில் நில்லாமல் ஒரு பக்கம் சாய்ந்தால், குறுகலான பக்கத்தில் துளையிடும்போது விட்ட சேறு வெளியேறாமல் தங்கிவிடும். சிமெண்ட் அந்த இடத்தில் பிடிக்காது. நூல் பருமன் இடைவெளி போதும், வாயுவும் உப்பு நீரும் மேலே வர. காலம் போகப் போக இரும்பு அரிப்பதும் இதே வேலையைச் செய்யும்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு ஆவணங்கள் உண்டு. சிமெண்ட் பிடிப்பை ஒலியலையால் அளக்கும் பதிவு ஒன்று. குழாய்களுக்கு இடையிலான வெற்றிடத்தில் அழுத்தம் ஏறுகிறதா என்ற பதிவு இன்னொன்று. அழுத்தத்தை வெளியே விட்டபின் அது மறுபடி ஏறினால் கிணறு கசிகிறது என்று பொருள். சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனை அறிக்கைகளைக் கேட்கும்போது இவ்விரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

உள்ளதைச் சொன்னால், மேலே தேங்கும் குழியும் குழாய்க் கசிவும்தான் அதிகம் கண்ணில் படும் காரணங்கள். விதிப்படி நிலத்தில் விடும் கழிவு நீரில் லிட்டருக்குக் குளோரைடு 600, டிடிஎஸ் 2,100, எண்ணெய்ப் பிசுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கைவிட்ட கிணற்றில் திருப்பிச் செலுத்துவதானால் 1,000 மீட்டருக்குக் கீழேதான் செலுத்தலாம். லிட்டருக்கு 30 கிராம் உப்புள்ள நீர் நாளுக்கு 100 கன மீட்டர் வந்தால், அதில் இருப்பது தினம் 3 டன் உப்பு. இவ்வளவும் டேங்கர் லாரியில் போனதற்குக் கணக்கு இருக்கிறதா என்று பார்ப்பது, ஆழத்துச் சிமெண்டைச் சந்தேகிப்பதைவிடச் சுலபம்.

போர்வெல்லில் குமிழி வருகிறது. தீக்குச்சி காட்டினால் பற்றுகிறது. வீடியோ எடுத்துப் போடலாமா?
– இளைஞர், வடுவூர்

தயவுசெய்து மறுபடி பற்றவைக்காதீர்கள். மூடிய அறையில் காற்றோடு 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தால் வெடிக்கும். மோட்டார் அறையின் கதவு, சன்னலைத் திறந்து வையுங்கள். ஸ்விட்சை வெளியே மாற்றுங்கள். தொட்டிக்கு மேல் மூடியில்லாமல் தண்ணீர் தெறித்து விழும்படி விட்டால் கரைந்த வாயு பெரும்பாலும் பறந்துவிடும்.

தண்ணீரில் கரைந்த மீத்தேன் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலையில்லை. 10 முதல் 28 வரை கண்காணிக்க வேண்டும். 28-ஐத் தாண்டினால் உடனே நடவடிக்கை. அமெரிக்காவில் பின்பற்றும் இந்த அளவுகோல் நமக்கும் பொருந்தும்.

குமிழி வந்ததாலேயே எண்ணெய்க் கிணறு காரணமாகிவிடாது. சேற்றிலும் பழைய சதுப்பு மண்ணிலும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன; நெல் வயலே அதற்குச் சாட்சி. நுண்ணுயிர் மீத்தேனில் கார்பன்-13 ஐசோடோப்பின் (கார்பனின் சற்றுக் கனமான வகை) அளவு மிகக் குறைவு. ஆய்வக எண்ணில் மைனஸ் 60-க்கும் கீழே போகும். ஆழத்தில் வெந்து உருவான வாயுவில் அது மைனஸ் 50-க்கும் 20-க்கும் நடுவில். கூடவே ஈத்தேன், புரொப்பேன் வாயுக்கள் இருந்தால் ஆழத்து வாயு என்பது ஏறக்குறைய உறுதி. ஈத்தேன் சோதனை ஐசோடோப்புச் சோதனையைவிட மலிவு. முதலில் அதைச் செய்யுங்கள்.

குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பரவினால் உடனே என்ன செய்வது? அந்த மண் மறுபடி விளையுமா?
– விவசாயி, திருப்பனந்தாள்

2017 ஜூன் 30-ல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியபோது தமிழ்நாடே பார்த்தது. அந்தப் பரபரப்பில் மறந்துபோனது மண்.

முதல் மணி நேரம்: மடையை அடையுங்கள். எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். வாய்க்காலில் இறங்கிவிட்டால் ஒரு வயல் சேதம் பத்து வயலாகிவிடும். பீடி, அடுப்பு, டிராக்டர் எதுவும் கிட்டே வரக் கூடாது. உலர்ந்த வைக்கோலையும் மரத்தூளையும் மேலே பரப்பி உறிஞ்சவிட்டு, வரப்பிலிருந்தே வாரி எடுத்துத் தார்ப்பாயில் போடுங்கள். அதைக் கொளுத்தக் கூடாது. புகை ஒருபுறம்; மண் வெந்து இறுகுவதும் ஆதாரம் சாம்பலாவதும் மறுபுறம். எண்ணெய் பட்ட இடத்திலும் படாத பக்கத்து வயலிலும் 15 செ.மீ. ஆழம்வரை மண் எடுத்துக் கண்ணாடிச் சாடியில் வையுங்கள். பரப்பை அளந்து கிராம நிர்வாக அலுவலர், வேளாண் அலுவலர் முன்னிலையில் மகஜர் எழுதி வாங்கிவிட்டுத்தான் நிறுவனத்தை மண் வாரவிட வேண்டும்.

பிறகு தேற்றுவது. எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா எந்த மண்ணிலும் உண்டு. டெரி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய "ஆயில்சாப்பர்" போன்ற கலவைகளும் கிடைக்கின்றன. ஆனால் அவற்றுக்குக் காற்று வேண்டும். இங்கேதான் டெல்டாவில் தவறு நடக்கிறது: நீரைக் கட்டி வைத்துவிட்டு "பாக்டீரியா போட்டும் பலனில்லை" என்கிறார்கள். நீர் தேங்கிய மண்ணில் எண்ணெய் சிதைவது மிக மெதுவாகத்தான். வயலை வடித்து, பிடித்தால் உருண்டையாகி விரலால் தட்டினால் உதிரும் பதத்தில் ஈரம் வைத்து, வாரம் இரண்டு முறை கொத்திப் புரட்ட வேண்டும்.

உரக் கணக்கு: கார்பன் 100 பங்குக்கு நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1. 5 சென்ட் நிலத்தில் 15 செ.மீ. ஆழம்வரை 1 சதவீதம் எண்ணெய் என்றால், மண் சுமார் 42 டன், எண்ணெய் 420 கிலோ, அதில் கார்பன் ஏறக்குறைய 360 கிலோ. அதற்கு யூரியா 78 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 50 கிலோ அளவில் ஆகும். ஒரே தடவையில் கொட்டினால் பாக்டீரியாவே கருகும். 20 நாள் இடைவெளியில் நான்கு தவணையாகப் பிரியுங்கள். எண்ணெய் 5 சதவீதத்தைத் தாண்டினால் வயலிலேயே வைத்துத் தேற்றப் பார்ப்பது வீண். மேல்மண்ணை எடுத்துத் தனியிடத்தில் செய்யச் சொல்லுங்கள். அது அபாயகரக் கழிவு; நிறுவனத்தின் பொறுப்பு, உங்களுடையதல்ல.

எண்ணெயைவிடக் கெட்டது அதோடு வந்த உப்பு நீர். எண்ணெய் ஓரிரு பருவத்தில் போகும். சோடியம் தானாகப் போகாது. நெல் தாங்கும் மண் உப்பின் அளவு மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸ் (மின்கடத்துத்திறனை வைத்து உப்பைச் சொல்லும் அலகு). அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசீமன்ஸுக்கும் விளைச்சல் சுமார் 12 சதவீதம் விழும். உப்பைக் கழுவத் தண்ணீர் கட்டும் அவசரத்தில் ஜிப்சத்தை மறந்தால் களிமண் கரைந்து துளைகள் அடைபட்டு, தண்ணீர் இறங்காமல் பாத்தி குளமாகிவிடும். முதலில் ஜிப்சம், பிறகு நல்ல நீர் விட்டு வடிப்பது. மண் சோதனையில் பரிமாற்றச் சோடியத்தை (களிமண்ணில் ஒட்டியிருக்கும் சோடியம்) 100 கிராமுக்கு 1 மில்லி ஈக்விவலென்ட் குறைக்க, ஏக்கருக்கு ஓரடி ஆழத்துக்குச் சுமார் ஒன்றரை டன் தூய ஜிப்சம் வேண்டும். வடிகால் இல்லாத வயலில் இது எதுவும் நடக்காது.

எண்ணெய், வாயு எடுப்பதால் நிலம் உள்வாங்குமா? நிலநடுக்கம் வருமா?
– வாசகர், வேதாரண்யம்

இரண்டும் உலகில் நடந்திருக்கின்றன. கலிபோர்னியாவின் வில்மிங்டன் எண்ணெய் வயலில் நிலம் 9 மீட்டர்வரை இறங்கியது. தண்ணீரைத் திருப்பிச் செலுத்திய பிறகே நின்றது. நெதர்லாந்தின் குரோனிங்கன் எரிவாயு வயலில் நிலம் 30 செ.மீ.க்கு மேல் இறங்கியது. 2012-ல் ஹாய்சிங்கா கிராமத்தில் 3.6 அளவு நடுக்கம். கடைசியில் 2023 அக்டோபரில் உற்பத்தியையே நிறுத்தினார்கள். ஒக்லஹோமாவில் 2016 செப்டம்பரில் வந்த 5.8 அளவு நடுக்கத்துக்குக் காரணம் எண்ணெய் எடுத்தது அல்ல. உப்புக் கழிவு நீரை ஆழத்தில் செலுத்தியது.

காவிரிப் படுகையின் எண்ணெய் வயல்கள் சிறியவை, சிதறியவை. குரோனிங்கனை அப்படியே இங்கே பொருத்துவது மிகை. ஆனால் உங்கள் பகுதி போன்ற கடைமடையில் நிலத்தின் சாய்வு மிகக் குறைவு, 10 செ.மீ. இறங்கினாலே வடிகால் திசை தடுமாறும், கடல்நீர் ஒரு வயல் கூடுதலாக ஏறும். மேட்டூர் அணை வந்த 1934-லிருந்து வண்டலும் பெரும்பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது. இறங்கும் நிலத்தை நிரப்ப மேலே மண் வருவதில்லை. போர்வெல் இறைப்பும் நிலத்தை இறக்கும். எது எவ்வளவு என்று பிரிக்க, செயற்கைக்கோள் ரேடார் அளவீடும் தரையில் நிலையான உயரக் கற்களும் வேண்டும். உரிம நிபந்தனையில் அவற்றைச் சேர்க்கச் சொல்வது நியாயமான கோரிக்கை.

நெய்வேலியில் சுரங்கம் தோண்டினால் சுற்றுவட்டாரக் கிணறுகள் ஏன் வற்றுகின்றன? சுரங்கம் வேறு, கிணறு வேறுதானே?
– மாணவர், விருத்தாசலம்

அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேல் ஏறக்குறைய 50 முதல் 100 மீட்டர்வரை மண். நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தில் அடைபட்ட நீர் அடுக்கு. அந்த நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கித் தள்ளுகிறது. 60 முதல் 80 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். மேல் மண்ணை அள்ளிவிட்டால் அந்த அழுத்தத்தைத் தாங்க எடை இருக்காது. தரை பிளந்து சுரங்கம் மூழ்கிவிடும். அதனால் சுரங்கம் நடக்கும் காலமெல்லாம் இரவு பகலாக இறைத்து அழுத்தத்தை இறக்கி வைக்கிறார்கள். ஒருகாலத்தில் தானாகப் பொங்கிய ஊற்றுக் கிணறுகள் அடங்கியது இதனால்தான். உங்கள் போர்வெல் அதே அடுக்கிலிருந்து எடுத்தால் நேரடிப் பாதிப்பு. ஆழமில்லாத மேலடுக்குக் கிணறு என்றால் சுரங்கக் குழியை நோக்கி நீர் சரிவதாலோ மழைக் குறைவாலோ இருக்கலாம். எனவே கேள்வி தூரத்தைப் பற்றியது மட்டுமல்ல. எந்த அடுக்கில் உங்கள் குழாய் துளையிட்டிருக்கிறது என்பதையும் பற்றியது. போர்வெல் போட்டவரிடம் மண் அடுக்குக் குறிப்பை வாங்கி வையுங்கள். பலர் இதை வாங்குவதே இல்லை.

என் நிலத்தில் குழாய் பதிக்க நோட்டீஸ் வந்திருக்கிறது. நிலம் போய்விடுமா?
– விவசாயி, குத்தாலம்

நிலம் உங்களுடையதே, பயன்பாட்டு உரிமை மட்டும் போகும். 1962-ஆம் ஆண்டுக் குழாய்ச் சட்டப்படி அறிவிக்கை வந்த 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுத்தில் கொடுக்க வேண்டும். குழாய் போகும் பட்டையில் நெல் நடலாம். கட்டடம், கிணறு, குளம், மரம் கூடாது. இழப்பீடு அந்தப் பட்டையின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிர், மரச் சேதம் தனி. தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் இதில்தான் அடிபடுகிறார்கள். மரத்தின் எண்ணிக்கை, வயது, காய்ப்பு எல்லாவற்றையும் அளவெடுப்பவர் புத்தகத்தில் பதியவைக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆன பிறகும் ரிக் ஓடுகிறதே, எப்படி?
– வாசகர், திருவாரூர்

2020 பிப்ரவரியில் வந்த சட்டம் தடுப்பது புதிய திட்டங்களை: எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு தேடலும் எடுப்பும். சட்டம் வருமுன் இயங்கிவந்தவை தொடரலாம். பழைய கிணற்றைப் பழுதுபார்க்க வரும் ரிக்கும் புதிய கிணறு போட வரும் ரிக்கும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணையின் நகலைப் பார்த்தால்தான் தெரியும். மண்டலம் முழு மாவட்டங்களாகத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறையையும் கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களையும் கொண்டது. அதே காவிரிப் படுகைப் பாறை ராமநாதபுரத்துக்கு அடியிலும் ஓடுகிறது. சட்டம் அங்கே போகாது. 2025-ல் அங்கே சோதனைக் கிணறுகளுக்கான அனுமதி சர்ச்சையானதன் பின்னணி இது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. 2020 ஜனவரியில் மத்திய அரசு எண்ணெய், எரிவாயு தேடலைச் சுற்றுச்சூழல் அனுமதியில் பி2 வகைக்கு மாற்றியது. அந்த நிலைக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை. ஆகவே கூட்ட அறிவிப்புக்காகக் காத்திருக்காமல், சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் உங்கள் மாவட்டப் பெயரைப் போட்டு மாதம் ஒருமுறை தேடுங்கள். அனுமதி கொடுத்தது தெரிந்தால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதன்பின் ஒரு நாளும் கிடையாது. மாசினால் வந்த இழப்பீட்டுக்கு மட்டும் 5 ஆண்டு.

முதுநிலை நிலவியல் படிக்கிறேன். செலவில்லாமல், பயன்படும்படி இதில் என்ன ஆய்வு செய்யலாம்?
– மாணவி, தஞ்சாவூர்

ஓர் எண்ணெய்க் கிணற்றை எடுத்துக்கொண்டு, நிலத்தடி நீர் ஓடும் திசையில் 200 மீட்டர், 500 மீட்டர், 1 கிலோமீட்டர், 3 கிலோமீட்டர் தூரங்களில் போர்வெல்கள், எதிர்த்திசையில் இரண்டு, கடலிலிருந்து அதே தூரத்தில், எண்ணெய்க் கிணறே இல்லாத ஊரில் நான்கு. எல்லாம் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். 20 மீட்டரையும் 90 மீட்டரையும் கலந்தால் முடிவு குப்பை. மாதம் ஒருமுறை மின்கடத்துத்திறனும் நீர்மட்டமும் அளந்து, மே, ஜனவரி இரண்டு மாதம் மட்டும் முழு உப்புப் பகுப்பாய்வு செய்யுங்கள். மீட்டரை ஒவ்வொரு நாளும் புறப்படுமுன் அளவு தெரிந்த 1,413 மைக்ரோசீமன்ஸ் திரவத்தில் சரிபாருங்கள். வெயிலில் வண்டியில் கிடந்த மீட்டர் தப்பு காட்டும். எண்ணெய்க் கிணறில்லாத ஊரைச் சேர்க்காமல் போவதுதான் நாங்கள் பார்க்கும் மாணவர் ஆய்வுகளின் பெருங்குறை. அந்த நான்கு போர்வெல் இல்லாவிட்டால் மீதி எத்தனை அளந்தாலும் கடலா, கிணறா என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

புவிவெப்ப மின்சாரம் இவற்றுக்கு மாற்று என்கிறார்களே, அதில் கெடுதல் இல்லையா?
– வாசகர், காரைக்கால்

புகை குறைவு, தண்ணீர்ப் பிரச்சினை அதிலும் உண்டு. லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் மத்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி துளையிட்டபோது 2022 ஆகஸ்டில் கொதிநீர் கசிந்து ஓடையில் கலந்தது. ஆழத்துச் சுடுநீரில் போரான், ஆர்செனிக் கரைந்து வருவது வழக்கம். எடுத்த நீரை அதே அடுக்கில் திருப்பிச் செலுத்தும் இணைக்கிணறு இல்லாமல் தொடங்கக் கூடாது. சூடான பாறையை உடைத்து நீர் செலுத்தும் வகையில் நிலநடுக்க ஆபத்து கூடுதல்: சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 2006-ல் 3.4, தென்கொரியாவின் போஹாங்கில் 2017-ல் 5.5. இரண்டு திட்டங்களையும் கைவிட்டார்கள்.